நீல டேப்பும் மஞ்சள் டேப்பும்

ஜனவரி 6, திங்கள்

ஜெசிந்தாவின் குழாயில் செல்கள் ஒட்டிவிட்டன. இது மூன்றாவது தடவை. லேபில் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கொஞ்சம் அதிகமாகவே தட்டிவிட்டேன் போலிருக்கிறது, கனகசபாபதி சார் திரும்பிப் பார்த்தார்.

என் குழாயில் வழக்கம்போல ஒன்றுமில்லை. வைத்த செல்கள் இரண்டு நாள் இருந்துவிட்டு உதிர்ந்து அடியில் கிடக்கின்றன.

இந்த ஆராய்ச்சி மையத்தில் எனக்கு ஒன்பது வருடம். ஆட்டின் மூச்சுக்குழாயை எடுத்து, சோப்புக் கரைசலில் திரும்பத் திரும்ப ஊறவைத்து, அதிலிருக்கும் செல்களையெல்லாம் கரைத்து வெளியேற்றி, வெறும் கூட்டை மட்டும் மிச்சம் வைக்கிற வேலையை இங்கே ஆரம்பித்தவளே நான்தான். அந்தக் கூட்டில் நோயாளியின் சொந்தச் செல்களை வளர்த்து உள்ளே பொருத்தினால், உடம்பு அதை அந்நியம் என்று விரட்டாது. புற்றுநோயிலோ விபத்திலோ மூச்சுக்குழாயை இழந்த ஒருவருக்கு ஒருநாள் இது போய்ச் சேரவேண்டும் என்பது சாரின் ஆசை. எனக்கும்தான். ஜெசிந்தா வந்து ஒன்றேகால் வருடம்கூட ஆகவில்லை.

நான் கழுவிய கூடு வெள்ளை வெளேரென்று இருக்கும். அவளுடையது பழைய பனியன் நிறம். செல்களுக்கு அதுதான் பிடிக்கிறதாம்.

ஜனவரி 9, வியாழன்

குக்கர் கேஸ்கெட் மாற்ற வேண்டும். பாலுக்கு டோக்கன் வாங்க வேண்டும்.

இரவு சாப்பிடும்போது இவரிடம் புலம்பினேன். இவருக்கு மோட்டார் பம்ப் தவிர எதுவும் புரியாது என்றாலும், எட்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு ஓரளவு தெரிந்து வைத்திருக்கிறார்.

"அதாவது பழைய குடித்தனத்தைக் காலி பண்ணிட்டு, வெள்ளையடிச்சு, புதுக் குடித்தனம் வெக்கிறீங்க. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானுங்க."

"அப்ப உன் வீட்டுக்கு மட்டும் ஏன் வடிவு யாருமே குடி வர்றதில்ல?"

விளையாட்டாகத்தான் கேட்டார். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். ரசம் அப்படியே இருந்தது.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் முடிந்து முதல் நாள். சார் கூப்பிட்டார். ஏதோ கெட்ட சேதி என்று அவர் "உக்காருங்க" என்றபோதே தெரிந்துவிட்டது. நல்ல சேதியை நிற்கவைத்தே சொல்லிவிடுவார்.

ஒரே ஒரு ஆட்டுக்குப் பொருத்திப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. அதுவும் மார்ச் இருபதோடு முடிகிறது. நானும் ஜெசிந்தாவும் ஆளுக்கொரு குழாய் தயார் செய்ய வேண்டும். யாருடையதில் செல் ஒட்டுகிறதோ அது ஆட்டுக்குள் போகும்.

"இந்தத் தடவையும் உங்களுது வரலைன்னா, உங்க முறையை மூடிரலாங்க வடிவு. ரெண்டு வருசமா ஒண்ணுகூட வரல. நானும் எத்தனை மீட்டிங்ல சமாளிக்கிறது? மேல ஆவணப் பிரிவுல ஆள் கேட்டுட்டே இருக்காங்க."

மேல் மாடியில் ஜன்னல் இல்லாத அந்த அறை. அங்கே போன யாரும் திரும்பக் கீழே வந்ததில்லை. என் மேசை, என் குலுக்கி மெஷின், என் கண்ணாடிச் சாடிகள் எல்லாம் அவளுக்குப் போய்விடும். சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 23, வியாழன்

ஆடு வந்துவிட்டது. காதில் எண் போட்ட வெள்ளாடு. ஜெசிந்தா அதற்குப் பவுனு என்று பெயர் வைத்திருக்கிறாள். சோதனை விலங்குக்குப் பெயர் வைக்கக்கூடாது என்று எடுத்துச் சொன்னேன். "ஏக்கா, கூப்பிட ஒரு பேரு வேண்டாமா அதுக்கு?" என்றாள்.

மாலையில் சும்மா போய்ப் பார்த்தேன். கையில் அகத்திக்கீரை இருந்தது. அந்த ஆடு கீரையைத் தின்றுவிட்டு, வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் என்னை விட்டுவிட்டு ஓடியது. ஆடுகூட.

ஜனவரி 30, வியாழன்

அவளிடம் எனக்குப் பிடிக்காதவை: வாரம் மூன்று நாள் விடியும் முன்பே ஹனீபா பாயின் கறிக்கடைக்குத் தானே நேரில் போய்க் குழாய் வாங்கி வருவது. வந்து அந்தக் கதையை எல்லாரிடமும் சொல்வது. கறிக்கடையில் அவளுக்கு டீ கிடைக்குமாம்.

நான் போவதில்லை. எனக்கு ஆட்டோவில் ஐஸ் பெட்டி வந்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். ரத்தமும் சளியுமாக ஒரு குழாயைக் கவரில் போட்டு நீட்டினார். இப்படியா கொடுப்பது, இது ஆஸ்பத்திரிக்குப் போகிற பொருள் என்று சத்தம் போட்டேன். அன்றிலிருந்து எனக்கு வருவது பூப்போல வரும். ஜெசிந்தாவுக்கு இன்றைக்கும் ரத்தச் சேறாகத்தான் வருகிறது. கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு குழாயிலும் ஒரு வளையம் வெட்டி, தனி விளக்கு வைத்த மைக்ராஸ்கோப்பில் நார் மினுங்குகிறதா என்று பார்ப்பாள். கூட்டைத் தாங்குகிற கொலாஜன் நார் நன்றாக இருந்தால் அந்த வெளிச்சத்தில் வெள்ளி ஜரிகை மாதிரி மினுங்கும், சூடுபட்டுச் சுருண்ட நார் கறுத்துக் கிடக்கும். பாடப் புத்தகத்தில் இருக்கிறதுதான். நமக்கு யார் ஆட்டை வேகவைத்துத் தருகிறார்கள்? சாரின் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்து பார்ப்பாள். அதுதான் விஷயம்.

பிப்ரவரி 3, திங்கள்

அவள் தம்பிக்குக் கல்யாணம். தவக்காலம் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டுமாம். இரண்டு வாரம் ஊருக்குப் போகிறாள். சார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு என் நாத்தனார் கல்யாணத்துக்கு மூன்று நாள் கொடுத்தார்.

கிளம்பும்போது வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பன்னெண்டாந்தேதி நீங்க வாங்கையில எனக்கும் ஒண்ணு வாங்கி, கழுவ ஆரம்பிச்சிருவீங்களா? நான் வந்து பாத்துக்கிடுதேன். இல்லன்னா மார்ச்சுக்குள்ள முடியாதுல்லா? ஆட்டோவில வேண்டாம்க்கா, பாய் கையில நேரா வாங்கிருங்க."

ஏன் ஆட்டோ வேண்டாம் என்று கேட்டேன். நேரில் போனால் அவர் சந்தோஷப்படுவார் என்றாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். வள்ளலார் நினைவு நாள், கறிக்கடை எல்லாம் அடைப்பு. மருதமலைப் பக்கம் போகிற கூட்டத்தில் பஸ் நகரவில்லை. லேபில் நானும் குளிர்பதனப் பெட்டியும்தான்.

அவள் மேசையைத் துடைத்து வைத்தேன். தூசி.

பிப்ரவரி 12, புதன்

விடியும் முன்பே ஹனீபா பாய் கடைக்குப் போனேன். நேற்று அடைப்பு என்பதால் இன்று கூட்டம் நெரித்தது. என்னைப் பார்த்ததும் ஆள் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க வாங்க டாக்டரம்மா. நீங்களே வந்துட்டீங்களா! ஒரு போன் போட்டிருந்தா நானே கொண்டாந்திருப்பனே."

ஸ்டூல் போட்டார். டீ வந்தது. எனக்கும் வரும் என்று இப்போது தெரிந்தது.

பின்பக்கம் ஒரு அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆட்டுக்குடல் கழுவுவதற்கு வைத்தது என்று நினைத்தேன். அவர் தொங்கிக்கொண்டிருந்த குழாயில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, என் கண் முன்னால் அந்தக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி, எடுத்து, கத்தியின் முதுகால் உள்ளே வெளியே சுரண்டி, துணியால் துடைத்துக் காட்டினார். பூப்போல இருந்தது.

"என்னங்க பாய் பண்றீங்க?"

"உங்களுக்குத்தானுங்க. அன்னிக்கு நீங்க வெச்சு வாங்குனதை நான் மறப்பனா? மூணு பேர் முன்னாடி. அன்னிலிருந்து உங்க பெட்டிக்குப் போறது மட்டும் சுடுதண்ணியில முக்கி, சுரண்டி, தொடச்சுத்தான் அனுப்பறேன். வேற யாருக்கும் இப்படிப் பண்றதில்லீங்க. ஒரு தடவையாவது குறை வந்திருக்குதா?"

இல்லை என்றேன்.

இரண்டு வருடம். நார் அத்தனையும் கழுவுவதற்கு முன்பே வெந்துபோய்த்தான் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வெந்த நாரில் செல் எப்படி ஒட்டும்? என் கரைசலில் குறையில்லை, என் கையில் குறையில்லை, என் முறையில் குறையே இல்லை. இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல சேதி, அதைக் கறிக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டேன். அழுகையும் வந்தது, அவரை அறையவேண்டும் போலவும் வந்தது. அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

இரண்டு கவர் கொடுத்தார். "இது உங்களுது. இது ஜெசிந்தா பாப்பாவுது. அதுக்குப் பச்சையாவே வேணுங்கும். தண்ணிகூடத் தொடக்கூடாது. மாறிப் போயிரப் போவுது, பாத்துக்குங்க."

எனக்கும் பச்சையாக ஒன்று கேட்டிருக்கலாம். கொக்கியில் இன்னும் நிறையத் தொங்கின. ஆனால் கூட்டம் அதிகம், நேரமாகிவிட்டது. ஆட்டோக்காரர் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

லேபுக்கு வந்து இரண்டையும் சாடியில் போட்டேன். அடையாளத்துக்கு டேப் ஒட்டினேன். எனக்கு எப்போதும் நீலம், அவளுக்கு மஞ்சள். ஐஸில் கை வைத்து விரல் விறைத்துப் போயிருந்தது. ஒட்டிவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

கேஸ் புக் செய்தாச்சு. வேறு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

வந்துவிட்டாள். கையில் மருதாணி, ஒரு டப்பா மக்ரூன். எனக்கென்று தனியாக ஒரு டப்பா. வாயில் போட்டால் கரைகிறது, சனியன்.

"ரெண்டையும் எவ்வளவு சுத்தமா கழுவியிருக்கீங்கக்கா! எங்கம்மாகூட என் சாமானை இப்படிப் பாத்துக்க மாட்டா."

மஞ்சள் டேப் சாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. "என்னுது இந்தத் தடவை உங்களுது மாதிரி வந்திருக்கு" என்று சிரித்தாள்.

இரவு தூக்கம் பிடிக்கவில்லை. இவர் கேட்டதற்கு மக்ரூன் இனிப்பு அதிகம் என்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

அந்த மைக்ராஸ்கோப்பை நான் மறந்தே போனேன். இத்தனை நாள் கேலி பேசியதில், அவள் உண்மையிலேயே அதில் பார்ப்பாள் என்பது மனதில் நிற்கவில்லை.

மதியம் கூப்பிட்டாள். மஞ்சள் வளையம் கறுப்பாகக் கிடந்தது. நீல வளையம் ஜரிகையாக மினுங்கியது.

"ரெண்டும் ஒரே கடைதானேக்கா?"

"ஆமா."

"இது சூடுபட்டிருக்கு. எப்படின்னுதான் தெரியல."

நான் ஆட்டோ இன்ஜின் சூடாக இருக்கும் என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு மஞ்சள் சாடியை மூடினாள். புதிதாக ஆரம்பிக்க நாள் இல்லை. அவளுடைய குழாய் போய்விட்டது. பவுனுவுக்குக் கீரை வைக்கப் போய்விட்டாள்.

நினைத்தது நடந்தால் சந்தோஷமாக இருக்கவேண்டும். சாயங்காலம் பூண்டு உரித்துக்கொண்டே இருந்தேன். ஒரு வாரத்துக்கு ஆகும் அளவுக்கு உரித்துவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

லேபுக்குப் போனபோது அவள் என் அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடமாக நான் எடுத்து வைத்த ஸ்லைடுகள் சுற்றிலும். ஒவ்வொன்றாக அந்த விளக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் அனுமதி இல்லாமல் யார் எடுக்கச் சொன்னது என்று கத்தினேன்.

"எல்லாமே கறுப்பா இருக்குக்கா" என்றாள். "ஒண்ணுகூட மினுங்கல. ரெண்டு வருசமும்." என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது பரிதாபம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

இன்று விடியலில் ஹனீபா பாய் கடைக்குப் போய்விட்டு நேராகச் சாரின் அறைக்குப் போயிருக்கிறாள். பிறகு என்னையும் கூப்பிட்டார்கள். சார் உட்காரச் சொல்லவில்லை.

"வடிவு, உங்க முறை மேல தப்பே இல்லீங்க! அந்தாளு சுடுதண்ணியில முக்கி அனுப்பியிருக்கார். ஜெசிந்தா கண்டுபிடிச்சிருச்சு. ரெண்டு வருசமா உங்களைப் போய் நான்..." என்று கையைப் பிசைந்தார். பிறகு யோசித்து, "சரி, இந்தத் தடவை மட்டும் எப்படி உங்களுது நல்லாவும் ஜெசிந்தாவுது கெட்டும் போச்சு?"

நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன்.

"அது என் தப்பு சார்" என்றாள் ஜெசிந்தா. "எந்தக் கவருக்கு எந்த டேப்னு போன்ல நான்தான் அக்காகிட்ட மாத்திச் சொல்லிட்டேன். கல்யாண வீட்டுச் சத்தத்துல."

அவள் எனக்குப் போனே செய்யவில்லை.

வராந்தாவில் நிறுத்தி ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். என் குரல் சண்டைக்குப் போகிற குரலாக இருந்தது.

"பாய் எல்லாம் சொன்னாருக்கா. எந்தக் கவரு யாருக்குன்னு சொல்லித்தான் குடுத்தாராம்." கண் கலங்கியிருந்தது. "எனக்குக் கோவம் இல்லன்னு நெனைக்காதீங்க. கடையிலேர்ந்து வார வழி பூரா உங்கள ஏசிக்கிட்டுத்தான் வந்தேன். ஆனா அந்த ஸ்லைடு எல்லாத்தையும் பாத்தேன்லா? என் ரெண்டு வருசம் இப்படிப் போயிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு எனக்குத் தெரியல."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 10, திங்கள்

நீல டேப் குழாயில் செல்கள் ஒட்டிவிட்டன. தரை முழுக்கப் பாய் விரித்த மாதிரி, ஒரு இடைவெளி இல்லாமல். இரண்டு வருடம் கழித்து. எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். அளவாகத் தட்டினாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் குடித்தனம் வந்தாச்சு என்றேன். அல்வா வாங்கி வந்தார். ஒரு துண்டுக்கு மேல் இறங்கவில்லை.

மார்ச் 19, புதன்

ஆபரேஷன் நாள். பவுனு மயக்கத்தில் கிடந்தது. சார் கழுத்தைத் திறந்தார். நானும் ஜெசிந்தாவும் எதிரெதிரே நின்றோம். வேலை செய்யும்போது வாயால் சொல்லிக்கொண்டே செய்வது சாரின் பழக்கம், ஒருவர் குறித்துக்கொள்வார்.

"கூடு தயாரித்தவர்?"

"வடிவு அக்கா" என்றாள் ஜெசிந்தா.

பவுனுவின் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது.

"டேப்பை மாத்தி ஒட்டினது நான்தானுங்க சார். தெரிஞ்சேதான். ஜெசிந்தா போனே பண்ணல. இது அவளுக்குன்னு பாய் குடுத்த குழாய்."

சார் நிமிரவில்லை. கை ஆட்டின் கழுத்துக்குள் இருந்தது.

"இதைச் சொல்ற நேரமா இது? நூலைக் குடுங்க."

கொடுத்தேன். சார் கடைசித் தையலைப் போட்டு, செயற்கைக் காற்றை நிறுத்தினார். எதுவும் நடக்கவில்லை. ஜெசிந்தா உதட்டுக்குள் ஜெபம் சொல்வது எனக்குக் கேட்டது. நானும் மருதமலையானை நினைத்துக்கொண்டேன். பிறகு ஆட்டின் விலா ஒரு தடவை தூக்கியது. இன்னொரு தடவை. நான் கழுவிய கூட்டின் வழியாக, அவளுடைய குழாயின் வழியாக, காற்று போய் வந்தது.

மார்ச் 27, வியாழன்

பவுனு எழுந்து நிற்கிறது. தின்கிறது. கத்தல் மட்டும் கரகரவென்று இருக்கிறது, ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி. ஜெசிந்தாவின் செருப்புச் சத்தத்துக்கு இன்னும் ஓடுகிறது.

சார் கூப்பிட்டார். உட்காருங்க என்றார். திட்டத்தின் பொறுப்பு இனி ஜெசிந்தாவுக்கு. எதிர்பார்த்ததுதான். என்னை மேல் மாடிக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தாராம்.

"ஆனா அந்தப் பொண்ணு ஒரே பிடியா நிக்குதுங்க. உங்களை மாதிரி யாருக்கும் கழுவத் தெரியாதாம். நீங்க கீழ இல்லைன்னா தனக்கும் பொறுப்பு வேண்டாமாம். எனக்குன்னா உங்களை மன்னிக்க இன்னும் மனசு வரல. அது சொல்லுச்சுன்னுதான் விடறேன்."

கீழே வந்தேன். என் மேசை, என் குலுக்கி, என் சாடிகள் எல்லாம் இருந்தன. இனி நான் அவள் சொல்கிறபடி வேலை செய்ய வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "காலையில எங்கூட நீங்களும் பாய் கடைக்கு வரணும்க்கா. அவர்கிட்ட நீங்களே சொல்லணும், சுடுதண்ணி வேண்டாம்னு. நான் சொன்னா மனசு விட்டுருவாரு."

பொறாமை போய்விட்டதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். போகவில்லை. முன்பு அவள் குழாயைப் பார்த்து எரிந்தது. இப்போது அவள் மனசைப் பார்த்து எரிகிறது, இது இன்னும் மோசம். என்னை விட்டுக்கொடுக்காமல் அவள் நின்றதை நினைத்தால் நன்றியோடு கூடவே ஒரு கடுப்பும் வருகிறது.

நாளைக்குக் காலை ஐந்தரைக்குப் பாய் கடைக்கு வந்துவிடுவேன் என்றாள். அலாரத்தை நாலரைக்கு வைத்திருக்கிறேன். அவள் வரும்போது நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்கும் ஒரு டீ சொல்லி வைத்திருப்பேன்.